சோக் கம்பி சுட்டபோது

மரியதாஸ் ஸ்டார்ட்டரைக் காலால் மிதித்தான். காருக்குள்ளே எங்கோ ஒரு முனகல் கேட்டது. மறுபடி மிதித்தபோது அதுவும் கேட்கவில்லை.

முன் சீட்டில் அவன் மனைவி லீமாரோஸ் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். பின் சீட்டில் தகரப்பெட்டியும் தொட்டில் துணியும் ஏற்றியாகிவிட்டது. பிறந்த வீட்டிலிருந்து ஐந்து மாதப் பிள்ளையோடு புருஷன் வீட்டுக்குக் கிளம்புகிறாள். புதுமடத்திலிருந்து மண்டபம் அப்படியொன்றும் தூரமில்லை. ஆனால் வண்டி ஓடவேண்டும்.

தோணிக் கொட்டகையின் நிழலில் நின்றபடி மாமனார் செபஸ்தியான் பார்த்துக்கொண்டிருந்தார். பேசவேண்டியதை அவர் முன்பே பேசிவிட்டார்.

பிரசவத்துக்கு அழைத்து வந்த அன்று காரின் பழைய இஞ்சின் உச்சிப்புளி தாண்டி நின்றுபோயிற்று. நிறைமாத வயிற்றோடு லீமாரோஸ் வெயிலில் ஒரு பனைமரத்தடியில் காத்துக்கிடந்தாள். கடைசியில் மாட்டுவண்டிதான் அவளைக் கொண்டுவந்து சேர்த்தது. அன்றைக்குச் செபஸ்தியான் மருமகனிடம் சொன்னார்: "ஓடுற வண்டியக் கொண்டா, எம்புள்ளையக் கூட்டிட்டுப் போ. ஓடலைன்னா கார வித்துட்டு மறுபடி நம்ம தோணிக்கு வந்துரு. மூணு பேரும் இங்கனயே இருக்கலாம்."

கல்யாணத்துக்கு முன் மரியதாஸ் அவர் தோணியில்தான் வலை இழுத்தான். பட்டாளத்து லாரிகளைப் பழுது பார்க்கப் போய் வேலை கற்றுக்கொண்ட பிறகு அவன் கடலுக்குத் திரும்பவில்லை. மண்டபத்தில் வாடகைக் கார் ஓட்டினான். அந்தப் பிழைப்பே இப்போது இந்த ஸ்டார்ட்டரின் மேல் நின்றது.

ராணுவ ஏலத்தில் ஒரு ஜீப் இஞ்சின் கிடைத்தது. காரை மாடு கட்டி இழுத்துவந்து இந்தக் கொட்டகையில் நிறுத்தினான். தோணி தூக்கும் பனங்கட்டை முக்காலியும் கப்பியும் இங்கேதான் இருந்தன. பழைய இஞ்சினைத் தூக்கி, புதியதை இறக்கினான். மாமனார்தான் கயிறு பிடித்தார். கயிறு பிடிப்பதில் அவருக்குக் கோபதாபம் கிடையாது.

"என்ன மாப்ள, இஞ்சின மாத்துனியே, உசிர எடுத்து வைக்க மறந்துட்டியா?" என்று கேட்டுக்கொண்டே ஹமீது சுல்தான் வந்தார். தேத்தண்ணிக் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார்.

"கிண்டலடிக்காம முன்னாடி நில்லுங்க பாய். நான் மிதிக்கும்போது லைட்டு மங்குதா பாருங்க."

கிளம்பாத வண்டியை வாய்திறக்க வைக்கும் வழி இது. ஸ்டார்ட்டர் மோட்டார் பெரிய பசிக்காரன். அது இழுக்கும்போது பாட்டரியில் சத்து இல்லையென்றால் விளக்கு அணையப்போகிற மாதிரி மங்கும். மோட்டார் இறுகிப்போயிருந்தாலும் அப்படித்தான். விளக்கு மங்கவில்லை என்றால், பாட்டரியில் மின்சாரம் இருந்தும் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

மரியதாஸ் மிதித்தான்.

"லேசா மங்குச்சு. கண்ண மூடித் தொறந்த மாதிரி. அவ்வளவுதான்," என்றார் ஹமீது சுல்தான்.

அப்படியென்றால் பாட்டரி நல்லது, மின்சாரம்தான் சரியாகப் போய்ச் சேரவில்லை. மோட்டாரை முந்தாநாள் தரையில் வைத்து, இரண்டு கம்பி கொடுத்துச் சுற்றிப் பார்த்திருந்தான், அதுவும் நல்லது. விசிறியைக் கையால் தள்ளினால் இஞ்சின் உருண்டது. கைப்பிடி போட்டுச் சுற்றலாமென்றால், ஜீப் இஞ்சின் சற்று உயரமாக உட்கார்ந்ததில் முன்பக்கத் துளைக்கு நேராக வரவில்லை. மணலில் தள்ளிக் கிளப்பவும் முடியாது. சக்கரம் புதையும்.

"மாட்டப் பூட்டச் சொல்லவா?" என்றார் செபஸ்தியான். குரலில் ஏளனம் இல்லை. அதுதான் மரியதாஸை அதிகம் குத்தியது.

"கொஞ்சம் பொறுங்க மாமா." அவன் மனைவியிடம் திரும்பினான். "அந்தச் சோக்கு குமிழைக் கொஞ்சம் இழுத்துப் பிடி. இஞ்சினுக்குப் பெட்ரோல் கூடட்டும்."

லீமாரோஸ் பிள்ளையை இடுப்பில் ஒதுக்கிக்கொண்டு குமிழைத் தொட்டாள். தொட்ட வேகத்தில் கையை உதறினாள்.

"சுடுதுங்க."

"ஓடாத இஞ்சின் எப்பிடித் தாயி சுடும்?" என்றார் ஹமீது சுல்தான்.

"தொட்டுப் பாருங்க சித்தப்பா. அடுப்புல வச்ச கரண்டி மாதிரி இருக்கு."

மரியதாஸ் தொட்டுப் பார்த்தான். பிறகு விரலை எடுக்காமல் அப்படியே நின்றான். அவன் முகத்தில் சிரிப்பு மெல்ல ஏறியது.

"பாய், ஒரு தோணி கரையிலேருந்து போனா, திரும்பி வரணுமா வேணாமா?"

"வரலைன்னா ஊரே அழும்."

"கரண்டும் அப்பிடித்தான். பாட்டரியிலேருந்து போறதுக்கு ஒரு வழி, திரும்பி வர ஒரு வழி. கார்ல போற வழிக்கு மட்டுந்தான் கம்பி. திரும்பி வாரதுக்கு வண்டியோட இரும்பே போதும். இந்த இஞ்சின் ரப்பர் கட்டை மேல உக்காந்திருக்கு. ரப்பர்ல கரண்டு போகாது. அதுக்குத்தான் இஞ்சினுக்கும் வண்டியோட அடிச்சட்டத்துக்கும் நடுவுல ஒரு செம்புப் பட்டை போட்டேன். அந்த வழி எங்கயோ அடைச்சிருக்கு. நேர்வழி அடைச்சதும் கரண்டு இந்தக் குமிழ்லேருந்து இஞ்சினுக்குப் போற சோக்கு கம்பியப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு வீடு வரப் பார்க்குது. மெல்லிசுக் கம்பி, தாங்குமா? சுடுது."

ஒரு தடித்த கம்பியை எடுத்து, ஒரு முனையைப் பாட்டரியிலிருந்து சட்டத்துக்கு இறங்கும் முனையில் கட்டினான். மறுமுனையை இஞ்சினின் மேல் அழுத்தினான். "பாய், உள்ள ஏறி மிதிங்க." அவர் மிதித்ததும் விசிறி விருட்டென்று சுற்றியது, காலை எடுத்ததும் நின்றது. குழந்தை கண்ணை அகல விரித்துப் பார்த்தது.

ஆக, குறை அந்தச் செம்புப் பட்டையில்தான். மரியதாஸ் வண்டிக்கு அடியில் ஊர்ந்து போனான். இஞ்சின் பக்கத்து முனை சுத்தமாக இருந்தது. சட்டத்துப் பக்கம் போல்ட்டைக் கழற்றி, விரல் நகத்தால் இரும்பைச் சுரண்டினான். தேன் நிறத்தில் ஒரு பொருக்கு உதிர்ந்தது. மூக்கருகே கொண்டுபோனான். குங்கிலியம். சுறா எண்ணெயில் குங்கிலியத்தைக் காய்ச்சித் தோணியின் அடிவயிற்றில் பூசுவார்களே, அந்தப் பூச்சு. கறுப்பு இரும்பின் மேல் காய்ந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது, அதிலும் மின்சாரம் போகாது. தெரியாமல் அதன் மேலேயே பட்டையை முடுக்கியிருந்தான். வாடையை வைத்தும் முன்பே கண்டுபிடித்திருக்க முடியாது. அந்தக் கொட்டகையில் சுறா எண்ணெய் வாடை அடிக்காத பொருள் ஒன்றுகூட இல்லை.

தலையைத் திருப்பிச் சட்டம் முழுக்கப் பார்த்தான். முன்னிருந்து பின்வரை, மூலை முடுக்கு விடாமல், துணியால் தேய்த்துத் தேய்த்துப் பூசியிருந்தது. ஒரு மனிதன் பல நாள் மல்லாந்து கிடந்தால்தான் இப்படிப் பூசமுடியும்.

அவன் வெளியே வந்தான். உள்ளங்கையில் அந்தப் பொருக்கு இருந்தது. செபஸ்தியான் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கடல் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"நீ இஞ்சின் சாமானுக்கு ராமநாதபுரம் அலைஞ்ச நாள்லாம் பூசுனது," என்றார். "உப்புக் காத்து இரும்பத் தின்னுரும். எம்புள்ள ஏறிப்போற வண்டி." மருமகன் பக்கம் திரும்பி, "அதுனாலதான் ஓடலையா?" என்று கேட்டார்.

ஹமீது சுல்தான் வாயைத் திறந்தார். மரியதாஸ் அவரை ஒரு பார்வை பார்த்தான். அவர் பீடியைத் தேடினார்.

"அய்யா," என்றாள் லீமாரோஸ் தகப்பனிடம். "வண்டி ஓடக்கூடாதுன்னு நினைச்சிருக்கீகன்னுல்ல நான் நினைச்சுக்கிட்டிருந்தேன்."

செபஸ்தியான் குனிந்து காருக்கு அடியில் பார்த்தார்.

"நல்ல வேலை மாமா," என்றான் மரியதாஸ். "இந்தச் சட்டம் இனி துருப்பிடிக்காது. ஒரு காலணா அகலத்துக்கு மட்டும் வெறும் இரும்பு வேணும். உங்க உளி இருக்கா?"

உளியை அவர் கொடுக்கவில்லை. தாமே அடியில் படுத்துச் சுரண்டினார். தோணிப் பலகையில் பழைய பூச்சை எடுக்கிற பக்குவம் அந்தக் கைக்குத் தெரியும். இரும்பு வெள்ளி மாதிரி மின்னியது. மரியதாஸ் பட்டையை வைத்துப் போல்ட்டை முடுக்கினான்.

"அந்த இடத்த உப்புத் தின்னுமே மாப்ள?"

"முடுக்குனதுக்கு மேல பூசலாம் மாமா. இரும்பும் செம்பும் ஒட்டிக்கிச்சு. இனி மேல என்ன பூசுனாலும் உள்ள வழி அடைபடாது."

செபஸ்தியான் மண்கலயத்தைக் கொண்டுவந்து, விரலாலேயே போல்ட்டைச் சுற்றிப் பூசினார்.

இந்தத் தடவை மரியதாஸ் மிதித்ததும் இஞ்சின் ஒருமுறை இருமி, பிறகு பிடித்துக்கொண்டது. கொட்டகைக் கூரையில் இருந்த காக்கைகள் பறந்தன. லீமாரோஸ் சோக் குமிழைத் தொட்டுப் பார்த்து, "சில்லுன்னு இருக்கு," என்றாள்.

செபஸ்தியான் எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்தார். பிறகு பின்கதவைத் திறந்து, தகரப்பெட்டியை ஒதுக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்தார்.

"மாமா?"

"மண்டபம் வரைக்கும் வாரேன். வழியில நின்னுச்சுன்னா தள்ளுறதுக்கு ஆள் வேணாமா?"

"நிக்காது மாமா."

"தெரியும்லே. வண்டிய எடு." அவர் முன் சீட்டுக்கு மேலாகக் கையை நீட்டினார். "புள்ளைய இங்கன தா."