ஹார்லன் வைத்த தட்டு

கிதாரின் மூன்றாவது கம்பி நிற்கவே மாட்டேன் என்றது. முறுக்கினால் ஏறியது, கையை எடுத்தால் இறங்கியது. என் விரல்கள் வியர்த்திருந்தன. தேவாலயக் கூடத்தின் நடுவில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, பாடுகிற எங்களை உட்கார வைத்திருந்தார்கள். சுற்றிலும் ஊர். அந்தக் கூட்டத்தில் அம்மா, பேருந்துக்குக் காத்திருப்பவள் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

என் அப்பா ஹார்லன் டட்டில் இறந்த பிறகு, ஒவ்வொரு ஜூன் மாதமும் ஊர் கூடி அவருடைய பாட்டுகளைப் பாடுகிறது. அம்மா ஒருமுறையும் வந்ததில்லை. இந்த வருஷம் நான் பாடுகிறேன் என்பதற்காக வந்துவிட்டாள். தட்டுப் பாட்டுதான் என் பங்குக்கு விழுந்திருக்கிறது என்பதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விட்டுப்போன மனைவிக்கும் சேர்த்து மேசையில் தட்டு வைத்துவிட்டு, தனியாகச் சாப்பிடுகிற ஒருவனின் பாட்டு அது. டென்னசியின் மதுக்கடைகளில் அதைக் கேட்டுக் கண் கலங்காத ஆண்பிள்ளை கிடையாது. அப்பாவின் முதல் மனைவி ஓப்பலை நினைத்து எழுதியது என்று எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். அது இசைத்தட்டாக வந்தபோது அப்பா என் அம்மா வெர்னாவை மணந்து, நானும் பிறந்திருந்தேன். "வீட்டுல பொண்டாட்டி, தொட்டில்ல பிள்ளை, அப்பவும் மனுஷனுக்கு ஓப்பல் நினைப்புதான்" என்று அம்மாவின் காதுபடவே கடையில் பேசுவார்கள். அம்மா குனிந்து உருளைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருப்பாள்.

வட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. பாடுவதற்கு முன் பாட்டு பிறந்த கதையைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் தொடங்கினால் "கதை, கதை" என்று காலைத் தட்டுவார்கள். அந்தக் கதையை அம்மாவின் முகத்துக்கு நேரே நான் எப்படிச் சொல்வேன்? போதாததற்கு ஓப்பல், அம்மாவுக்கு முன் வரிசையிலேயே, முடியைச் சுருட்டிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்தப் பாட்டு வரும்போது அவளை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டுவது வருஷாவருஷம் நடப்பது.

"நோரீன், முறுக்குனது போதும் கண்ணு. கம்பி அறுந்துச்சுன்னா உங்கப்பன் குழியிலேர்ந்து எழுந்து வந்துடுவான்" என்றார் அப்பாவுடன் ஸ்டீல் கிதார் வாசித்த எல்ராய் மாமா. கூடம் சிரித்தது.

"மாமா, நான் வேற பாட்டு பாடட்டுமா?"

"நல்லாருக்கு! மிஸ் ஓப்பல் புதுச்சட்டை போட்டு வந்ததெல்லாம் வீணாப் போகட்டுமா?"

"இது அப்பா..." என்று தொடங்கினேன். அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்: "மிஸ் ஓப்பல், எழுந்திரிங்க!"

ஓப்பல் எழவில்லை. திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

"கைதட்டு வாங்க எனக்குப் பிடிக்கும், இல்லேங்கல. ஆனா வெர்னாவ வச்சுக்கிட்டு முடியாது. அப்ப நான் சாக்ஸ் மில்லுல ராத்திரி ஷிப்ட். ஹார்லன் பகல்ல லாரி ஓட்டுவான். ஒரே மேசையில உக்காந்து ராத்திரிச் சாப்பாடு சாப்பிட்டதே கிடையாது நாங்க. அந்தத் தட்டு என்னோடது இல்ல."

ஓப்பலாக இருந்தாலாவது அம்மா பழகிப்போயிருந்தாள். இனி ஊர் மூன்றாவதாக ஒருத்தியைத் தேடும். நாளைக்கே ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். ஏற்கெனவே தலைகள் ஒன்றையொன்று பார்க்கத் தொடங்கியிருந்தன.

அம்மா எழுந்தாள்.

"என்னோடது" என்றாள். "நோரீன் அப்ப கைக்குழந்தை. அக்காவுக்கு உடம்பு சரியில்லன்னு ஊருக்குச் சொல்லிட்டு, இவளத் தூக்கிக்கிட்டு கென்டக்கில அவ வீட்டுக்குப் போயிட்டேன். குளிர்காலம் பூரா திரும்பி வரல. போன்லதான் அவரு முதல்ல பாடிக் காட்டுனாரு."

"எனக்கே தெரியாதே, வெர்னா" என்றார் எல்ராய் மாமா. "ஏன் போன?"

"அது பாட்டுல இல்ல, எல்ராய்."

இத்தனை வருஷமாகக் கணவனின் மனதில் இடம் கிடைக்காதவள் என்ற பெயரைச் சுமந்தாளே தவிர, விட்டுப்போனவள் என்று ஊர் தன்னைச் சொல்ல அவள் விடவில்லை. விட்டுப்போகும்படி அப்பா என்ன செய்தார்? காலையில் ரொட்டி சுட்டுக்கொண்டே பாடுகிற, குரல் உயர்த்தாத ஒரு மனிதரைத்தான் எனக்குத் தெரியும். அந்த மனிதரை எனக்கு எவ்வளவு தெரியும்?

"பாடு கண்ணு. ரெக்கார்டுல இருக்கற மாதிரி வேண்டாம், இன்னும் கீழ ஆரம்பி" என்றாள் அம்மா.

சுருதியை இறக்கிப் பாடினேன். இரண்டு சரணம் முடிந்து, இசைத்தட்டில் வயலின் வருகிற இடத்தில் நான் பாடுவதை நிறுத்தினேன். கூடவே முணுமுணுத்துக்கொண்டிருந்த அம்மா நிறுத்தவில்லை. நின்றபடியே அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன, எந்த இசைத்தட்டிலும் இல்லாத, அப்பா போனில் அவளுக்கு மட்டும் பாடியிருக்கக்கூடிய இன்னொரு சரணத்துக்கு. நான் மீட்டலை நிறுத்தாமல் காத்திருந்தேன். வட்டத்துக்குள் இருந்த எனக்கு ஒரு சொல்லும் எட்டவில்லை. முன் வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்திருந்த ஓப்பலுக்கு மட்டும் கேட்டிருக்க வேண்டும். அவள் கை நாற்காலியின் முதுகை இறுக்கிப் பிடித்திருந்தது.