அக்கா வருகிற தெரு

மூத்தவள் எந்தத் தெருவுக்குப் போனாலும் அங்கே தரை ஈரமாக இருக்கும். சாக்கடை ஓரமெல்லாம் மாவு சிந்தியது போல பிளீச்சிங் பவுடர் வெளுத்துக் கிடக்கும். தண்ணீர் லாரி அப்போதுதான் வந்து போயிருக்கும். வாசல்களில் நிறைகுடங்கள்.

ஊரில் வாந்திபேதி பரவியிருந்தது. குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்துவிட்டதால் லாரியில்தான் நல்ல தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. நகராட்சி அதை ஒழுங்காகச் செய்கிறதா என்று பார்த்துச் சொல்ல மேலிடம் அனுப்பிய அதிகாரி அவள். நகராட்சியிடம் ஓடுகிற நிலையில் இருந்தது ஒரே லாரி.

பார்வையிடப் போகும் தெருவை முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்பது விதி. பதில் சொல்ல யாராவது பொறுப்பானவர் அங்கே இருக்க வேண்டுமாம். நகராட்சியின் சுகாதார ஆய்வாளர் தினமும் போன் செய்து கேட்பார்.

"நாளைக்கு எந்தத் தெருங்க மேடம்?"

சொல்வாள்.

"ஜமாய்ச்சிடலாம் மேடம்."

அந்தச் சொல் அவள் காதில் உறுத்தியதுண்டு. உறுத்திவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவாள்.

இளையவளின் வீடு ஊரின் பள்ளமான கோடியில் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவளும் அவள் கணவனும் ஸ்கூட்டரில் கேன்களைக் கட்டிக்கொண்டு தண்ணீர் பிடிக்க அக்கா வீட்டுக்கு வந்தார்கள். மூத்தவள் குடியிருந்த பக்கம் தனி ஆழ்குழாய்; தண்ணீருக்குக் குறை இல்லை. தங்கை கணவன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன்.

"அக்கா, எங்க தெருவுக்கு எப்ப விஜயம்?"

"ஏன் கேக்கறே?"

"ஊரே பேசிக்குது. நீங்க காலை வச்சா அங்க லாரி வந்துடுதாமே. மேகத்துக்குக்கூட இவ்வளவு மரியாதை கிடையாது."

இளையவள் சிரிக்கவில்லை. "விளையாட்டு இல்லக்கா. போன வாரத்துலேருந்து லாரி எங்க பக்கம் எட்டிப் பாக்கல. நாளைக்கு எங்க தெருன்னு ஒரு வார்த்தை சொல்லிடேன்."

மூத்தவள் நிரம்பிய கேனை மூடி இறுக்கினாள். "சொந்தக்காரங்க தெருவுக்கு முதல்ல போனா நாலு பேர் என்ன சொல்வாங்க? வரிசைப்படிதான் வர முடியும். அடுத்த வாரம் உங்க தெரு."

"அந்த நாலு பேர் வந்து குடிக்கத் தண்ணி ஊத்துவாங்களா?"

"விடுடி," என்றான் மெக்கானிக். "அக்கா தராசு மாதிரி. தராசு கிட்ட போய் உறவு கொண்டாடினா நடக்குமா? நாம வரிசையிலயே நிப்போம். பழகினதுதானே."

அவர்கள் போன பிறகு, கையைத் துடைத்துக்கொண்டு நின்றவளுக்குத் தன்மேலேயே கொஞ்சம் மதிப்பு வந்தது. தங்கைக்காகக்கூட வளையாதவள். அந்த நினைப்பு அப்போது தித்தித்தது என்பதைத்தான் பிற்பாடு அவளால் மறக்கவே முடியவில்லை. லாரி தன் பின்னால் சுற்றுவது அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். தெரிந்ததைத் தெரியாததாக வைத்துக்கொள்ள ஒரு சாமர்த்தியம் வேண்டும். அது அவளிடம் இருந்தது.

மறுநாளைக்கு வேறு தெருவைச் சொன்னாள். அதற்கடுத்த நாளைக்கும்.

கேன் தண்ணீரை மெக்கானிக் பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்கும் ஊற்றியிருக்கிறான். தனக்கு ஒன்றும் ஆகாது, தனக்கு இரும்பு வயிறு என்று சொல்லிக் குழாய்த் தண்ணீரைக் குடித்திருக்கிறான். புதன்கிழமை வயிறு போயிற்று. ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை, வராந்தாவில் கிடத்தினார்கள். வெள்ளிக்கிழமை போய்விட்டான். உடலை வீட்டுக்குக் கொண்டுவர விடவில்லை.

மூத்தவள் லீவு சொல்லிவிட்டுத் தங்கை வீட்டுக்கு வந்தாள். ஆய்வாளருக்கும் போனில் காரணத்தைச் சொன்னாள். இளையவள் அழவில்லை. கழற்றிப் போட்டிருந்த யாருடைய ஃபிரிட்ஜோ ஒன்று கதவில்லாமல் கூடத்தில் நின்றது. அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலையில் தெருவில் ஹாரன் சத்தம். குடங்கள் உருளும் ஓசை. பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று சொன்னாள்: "நீங்க வந்த நேரம் மேடம், லாரி வந்துடுச்சு. நல்லா இருப்பீங்க."

மூத்தவளுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

ஆய்வாளரும் வந்தார். அவர் கண்கள் நிஜமாகவே கலங்கியிருந்தன. "உங்க வீட்டுத் துக்கம் எங்க வீட்டுத் துக்கம் மாதிரி மேடம். கேள்விப்பட்டதும் லாரியை இங்க திருப்பிட்டேன்."

"எங்கேருந்து திருப்பினீங்க?"

"மேடம்?"

"இன்னிக்கு இது போக வேண்டிய தெரு எது?"

அவர் தலை குனிந்தார். "பாலத்துக்கு அந்தப் பக்கம். அங்கயும் கேஸ் இருக்கு. ஆனா நீங்க இங்க இருக்கும்போது எப்படி மேடம் அங்க அனுப்பறது?"

லாரியை அங்கேயே அனுப்புங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் இளையவள் எழுந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எப்பக்கா கிளம்பறே?"

"லீவு முடிஞ்சதும்."

"போகாதே." அந்தக் குரலில் பாசமும் இல்லை, கோபமும் இல்லை. "நீ இருக்கற வரைக்கும் இந்தத் தெருவுக்குத் தண்ணி வரும். இன்னும் குழந்தைங்க இருக்கு."

பாலத்துக்கு அந்தப் பக்கமும் குழந்தைகள் இருந்தன. அந்த முகங்களை மூத்தவள் பார்த்ததில்லை. இந்த முகத்தைப் பார்த்து, வரிசை என்ற சொல்லை இன்னொரு முறை சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

"இருக்கேன்," என்றாள்.

இளையவள் கையை விட்டாள். மூலையில் இருந்த குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ஆய்வாளர் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.