மூன்று தடவை அடித்தால்

இசக்கிராஜாவின் ஃபோனுக்கு வந்த மூன்றாவது அழைப்பைக் கட் செய்தது நான்தான்.

ஃபோர்ட் கொச்சியிலிருந்து வைப்பினுக்கு வண்டிகளையும் ஆட்களையும் சேர்த்து ஏற்றிப்போகும் ஜங்காரில், ஒரு மீன் லாரிக்கும் ஸ்கூட்டர்களுக்கும் நடுவே நின்றுகொண்டு, வலது கட்டைவிரலால் கட் செய்தேன். திரையில் ‘ராமர் சித்தப்பா’ என்று இருந்தது. அதற்கு முன் இரண்டு தடவை முழுசாக அடித்து ஓய்ந்திருந்தது. ஒரே நம்பர் மூன்று தடவை அடித்தால் ஃபோனை உடனே உரியவனிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் சட்டம். பாதியில் கட் செய்த அழைப்பு எண்ணிக்கையில் வராது என்பது நடுக்கடலில் நானே கொண்டுவந்த திருத்தம். நடுக்கடல் என்பதும் மிகை. அந்தப் பயணம் மொத்தமே ஐந்து நிமிடம்.

சட்டத்தின் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். நான் பிஎச்.டி. நாலாம் வருடம். மேற்குக் கொச்சியின் படகுத்துறைகளும் அங்கே வந்துசேர்ந்த தமிழ்க் கூலித் தொழிலாளர்களும் என்பது ஆய்வுப் பொருள். மூன்றாம் அத்தியாயம் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று இரண்டு வருடமாக மாறாத உற்சாகத்தோடு சொல்லிவந்தேன். இசக்கி சங்கரன்கோவில் பக்கத்துக்காரன்; எம்.ஏ. கடைசி செமஸ்டர். சாயந்திரம் ஓட்டலில் பில் போடும் வேலை, சுள்ளிக்கல்லில் நான்கு பேரோடு ஓர் அறை. அப்படி வந்தவர்களின் பேரனாக மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு மலையாளம் ஓடும், தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். என் ஆய்வுக்குக் கிடைத்த பழைய தமிழ் நோட்டீஸ்களை அவன்தான் வாசித்துக் காட்டுவான். “ஏலே, உன் தாத்தமாருக்கு இங்கன சம்பளமே சரியா குடுக்கல பாத்துக்க” என்று நடுநடுவே எனக்காகக் கோபப்படுவான்.

வாசகசாலை மாடியில் காலை பத்து மணிக்கு எங்கள் ஃபோன்களை மாற்றிக்கொள்வோம். அவனுடையது என்னிடம், என்னுடையது அவனிடம். ஒரு மணிக்குத் திரும்பக் கொடுப்போம். யோசனை என்னுடையது. என் ஃபோனிடமிருந்து என்னைக் காப்பாற்ற இன்னொருவனின் ஃபோனைப் பிடித்துவைத்த அறிவாளி நான்.

அன்றைக்கு ஒரு வரி எழுதினேன். அதை அடித்துவிட்டேன். “சாயா குடிச்சிட்டு வரேன்டா, பத்து நிமிஷம்” என்று இறங்கியவன் ஆட்டோ பிடித்து ஜங்காருக்குப் போய்விட்டேன். படகுத்துறை ஆய்வுப் பொருள்தானே, ஆகவே இது கள ஆய்வு. முதல் அழைப்பு வந்தபோது திரும்பிவிடலாம் என்று தோன்றியது. திரும்பினால் மேஜை, மேஜையில் மூன்றாம் அத்தியாயம். கள ஆய்வை நான்கு தடவை, போக வர, செய்து முடித்தேன்.

ஒன்றரைக்குப் போனபோது இசக்கி நான்கு பக்கம் குறிப்பு எழுதி முடித்துவிட்டுக் காத்திருந்தான். அவன் எதுவும் கேட்காமலே சொன்னேன்: “எடா, ஏதோ கால் வந்திருக்கு போல. சைலண்ட்ல கிடந்துச்சு, நான் கவனிக்கல.”

அவன் திரையைப் பார்த்தான். சற்று அதிக நேரம் பார்த்தான். பிறகு சித்தப்பாவைக் கூப்பிட்டான். அப்பாவுக்கு நெஞ்சு வலி, ஆபரேஷன் அறைக்குள் கொண்டுபோயிருக்கிறார்கள். இரண்டு மணிக்குத் தோப்பும்படியில் அவனைப் பஸ் ஏற்றிவிட்டேன். பஸ் ஆலப்புழையைத் தாண்டுமுன்பே அவர் போய்விட்டார்.

அதன் பிறகு ஒரே கேள்வியோடு அலைந்தேன். நான் உடனே கொடுத்திருந்தால்?

வாசகசாலையைப் பார்த்துக்கொள்ளும் ஷீஜா சேச்சி பஸ் நேரத்தையெல்லாம் விரல்விட்டுப் பார்த்தார். “எந்நாலும் எத்தில்ல அருணே. அப்பவே புறப்பட்டாலும் போய்ச் சேர்ந்திருக்க மாட்டான். நீ அறிஞ்சுகொண்டு செய்ததல்லல்லோ.” அம்மா சோறு போட்டபடியே, “அவரு ஆயுசு அத்ரதான். நீ எந்து செய்யும்?” என்றாள். எல்லோரும் எனக்கு நல்லதையே சொன்னார்கள். நான் சொன்ன பொய்யின் மேல் உட்கார்ந்துகொண்டுதான் அத்தனை ஆறுதலும் சொன்னார்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போக டிக்கெட் எடுத்திருந்தேன். கிளம்ப வேண்டிய அன்று காலையில், சும்மா, மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்தேன். பதினொரு பக்கம் வந்தது. நான்கு வருடத்தில் அப்படி ஒரு நாள் வாய்த்ததில்லை. படிப்பைத் தள்ளிப்போட எதையாவது செய்துகொண்டிருந்தவன், முதன்முறையாகப் படிப்பைவிடப் பயமான ஒன்றைக் கண்டுபிடித்திருந்தேன். பஸ் போய்விட்டது. அந்தப் பதினொரு பக்கத்தை வாசித்துவிட்டு என் வழிகாட்டி, “பலே, சூடு பிடித்துவிட்டதே” என்று பதில் போட்டார்.

அப்பா இறந்து இருபத்தைந்து நாள் கழித்து இசக்கி வந்தான். மொட்டைத் தலையில் முடி அரும்பியிருந்தது. அதே மேஜை, அதே நாற்காலி. பழக்கத்தில் என் ஃபோனை நீட்டினேன்.

“உன்கிட்டயே இருக்கட்டும், அருண்” என்றான். தன்னுடையதைப் புத்தகத்துக்குப் பக்கத்தில், திரை மேலே தெரியும்படி வைத்தான்.

அருண். இரண்டு வருடத்தில் அவன் வாயில் என் பேர் வந்து நான் கேட்டதே இல்லை. நான் எப்போதும் ‘ஏலே’தான்.

வேடிக்கை காட்டிப் பார்த்தேன். நெற்றி எங்கே முடிந்து தலை எங்கே தொடங்குகிறது என்று ஒரு கோடு போட்டுக் காட்டச் சொன்னேன். சிரித்தான். கல்யாண வீட்டில் முன்பின் தெரியாதவர் வணக்கம் சொன்னால் சிரிப்போமே, அது. நோட்டீஸ் கொடுத்தால் வாசித்துக் காட்டினான். என் தாத்தமார்களின் சம்பளத்துக்காக இப்போது அவன் கோபப்படவில்லை. படியிறங்கும்போது இரண்டு மூன்று தடவை கேட்டேன்: “நான் அப்பவே ஃபோனைக் குடுத்திருந்தா?”

“அத விடு, அருண்.”

இரண்டு வாரம் இப்படியே போனது. பிறகு ஒரு மத்தியானம், கீழே யூசுப் இக்காவின் சாயாக்கடையில், அவன் பழம்பொரியைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். நல்ல நேரம் பார்த்தெல்லாம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்து வேறு எதையோ பேச வாய் திறந்தேன், இது வந்துவிட்டது.

“எடா, அது சைலண்ட்ல இல்ல. ரெண்டு காலும் நான் பார்த்தேன். மூணாவத நான்தான் கட் பண்ணினேன்.”

அவன் பழம்பொரியைத் தட்டில் வைத்தான். விரலைத் தாளில் துடைத்தான்.

“தெரியும்.”

“எப்படி?”

“கட் பண்ணுனா போன்ல காட்டும்லா. அன்னைக்கே பாத்துட்டேன். நீயா சொல்லுவேன்னு இருந்தேன். முப்பத்தொம்பது நாளு ஆயிட்டு.”

மூன்றாம் அத்தியாயத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ சீக்கிரம் என்ற வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. சாயாவோடு சேர்த்து விழுங்கினேன். சூடாக இருந்தது.

“ஒரு வாட்டி நேரா சொல்லுடா” என்றேன். “சமாதானத்துக்கு வேண்டாம். நான் ஃபோனைக் கொண்டுவந்து குடுத்திருந்தா ஏதாவது மாறியிருக்குமா?”

இக்கா சாயாவை உயரத் தூக்கி ஆற்றிக்கொண்டிருந்தார். அதையே பார்த்தபடி இசக்கி சொன்னான்.

“ஊருக்குப் போயி சேந்திருக்க மாட்டேன். ஷீஜா சேச்சி எங்கிட்டயும் சொன்னாங்க, அது சரிதான். ஆனா பேசிருப்பேன், அருண். எங்க அப்பாகிட்ட ஒரு வார்த்த பேசிருப்பேன்.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

“இரு. கேட்டேல்லா, முழுசா கேளு. அந்த மூணாவது கால் சித்தப்பா போடல. உள்ள கொண்டுபோறதுக்கு முன்ன, அவரு போன வாங்கி அப்பாதான் போட்ருக்காரு. நீ கட் பண்ணுனியா? ‘பய கிளாஸ்ல இருக்கான் போல, கட் பண்ணுதான். படிக்கட்டும், யாரும் இனிமே அவனக் கூப்புடாதிய’ன்னு சொல்லிட்டு, போனத் திருப்பிக் குடுத்துட்டாராம்.”