ஆறு கட்டத்தில் ஒரு கொலை

வள்ளித்தாய்க்குப் பதினாறாம் பக்கத்திலேயே கொலைகாரன் யாரென்று தெரிந்துவிடும். அறுபத்துநான்கு பக்கப் புத்தகம். மிச்சப் பக்கங்களை அவள் படிப்பது அவன் எப்படி மாட்டுகிறான் என்று பார்க்கத்தான். அதற்காகவே மாதம் பிறந்தால் முதல் வேலையாகக் காமிக்ஸ் வாங்குவாள். துப்பாக்கி வெடித்தால் ‘ப்ளாம்’ என்று கட்டத்தை உடைத்துக்கொண்டு வெளியே வரும் எழுத்து. மழைக்கோட்டுக்குள் முகம் காட்டாமல் நிற்கிறவன். சாகப்போகிறவனின் மூக்குக்கண்ணாடியில் தெரியும் கத்தி. எல்லாம் அவளுக்கு வெல்லம். போனில் சண்டைப் படம் பார்த்தால் பாட்டை ஓட்டிவிடுவாள், அடி விழும் இடத்தை மூன்று தடவை பார்ப்பாள்.

“பொம்பளப் புள்ள பாக்குத படமாட்டி இது?” என்பாள் அம்மா.

“பொம்பளப் புள்ளதான் பாக்கணும். நெசத்துல ஒருத்தனும் அடி வாங்கமாட்டுக்கானே.”

வீட்டில் முதல் டிகிரி அவளுடையது. பி.எஸ்சி. கணிதம். அப்பா மார்க்கெட்டில் மூட்டை இறக்கி இறக்கிப் படிக்கவைத்தார். நாலு இடத்தில் இன்டர்வியூ போனாள். நாலு இடத்திலும் மார்க்கை விட்டுவிட்டு எந்தத் தெரு என்று கேட்டார்கள். கடைசியில் தென்காசியில் நம்பிராஜன் அண்ணாச்சியின் ஆன்லைன் கடையில் வந்து உட்கார்ந்தாள். ஜெராக்ஸ், ஆதார் திருத்தம், பட்டா, பென்ஷன். அண்ணாச்சி சத்தம் போட்டு அவள் கேட்டதில்லை. கூட்டம் இல்லாத நேரத்தில் காமிக்ஸை மேஜைமேலேயே விரித்து வைத்துப் படிக்கலாம். அந்த ஒன்றுக்காகவே அவரை நல்ல மனுசன் என்று நினைத்திருந்தாள்.

திங்கட்கிழமை சர்வர் படுத்துவிட்டது. டீ வாங்கிக் கொடுத்துவிட்டு அண்ணாச்சி கேட்டார்.

“ஏட்டி வள்ளி, இவ்வளவு படிக்கியே, நம்ம ஊருல ஒருத்தனப் போடணும்னா எப்படிட்டி போடுவ? கத்தி கம்பு ஒண்ணும் கூடாது.”

அதற்கு அவளிடம் பதில் தயாராக இருந்தது. கொலையென்றால் பனி பெய்யும் ஊரில்தான் நடக்குமா என்று அவளுக்கு ரொம்ப நாளாகக் கோபம். வீணான ஜெராக்ஸ் தாள் ஒன்றின் பின்பக்கம் ஆறு கட்டம் போட்டாள்.

“மொதக் கட்டம், ஐந்தருவி. ரெண்டு பேரு மேலெல்லாம் எண்ணெய் தேச்சுட்டு வாராவ. எண்ணெய் தேய்க்கக் கூடாதுன்னு போர்டு இருக்கும், அது அடியில நின்னுதான் எல்லாவனும் தேய்ப்பான். ரெண்டாவது, அருவிக்கு ஏறுத படி. ஒரே பாசி. மூணாவது, ஒருத்தன் இன்னொருத்தன் கையப் பிடிச்சுப் பைய பையக் கூட்டிட்டுப் போறான். பாக்கவனெல்லாம் என்னா பாசம்னு நெனைப்பான்.”

“பொறவு?”

“தள்ளக் கூடாது அண்ணாச்சி. தள்ளுனா எவனாவது பாத்துருவான். நாலாவது கட்டத்துல, பிடிச்ச கைய விட்டுருதான். அவ்வளவுதான். நம்பிச் சாஞ்சு நிக்கவன விட்டாலே போதும். எண்ணெய் ஒடம்பு, எண்ணெய்ப் பாறை. வழுக்கி விழுந்துட்டாருன்னு எழுதி முடிச்சிருவாவ. அஞ்சாவதுல இவனே நெஞ்சுல அடிச்சுட்டு அழுவுதான்.”

“ஆறாவது?”

“அதுல மாட்டணும். எப்படி மாட்டுவான்னுதான் எனக்கு இன்னும் தெரியல.”

“ஒனக்கே தெரியலன்னா மாட்டமாட்டான்” என்று சிரித்தார் அண்ணாச்சி. “நல்லா வரையுதட்டி.” தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அன்றைக்கு முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. இருபத்துநாலு வயதில் முதல் தடவையாக ஒருத்தர் அவளிடம் ஒரு விஷயத்தில் யோசனை கேட்டிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை அவர் இன்னொன்றும் கேட்டார்.

“ஒரு கஸ்டமரு. கல்யாணம் ஆவாத அண்ணன், தாய் தகப்பன் இல்ல, ஒரே தம்பி. தம்பிக்கு வாரிசுச் சான்று எடுக்க என்னென்ன பேப்பருட்டி வேணும்?”

“இறப்புச் சான்று, ரெண்டு பேரு ஆதார், ரேஷன் கார்டு. அண்ணன் எறந்து எவ்வளவு நாளாச்சு?”

அண்ணாச்சி கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். “கேட்டுத்தான் சொல்லணும்.”

அவள் கை கீபோர்டிலேயே நின்றுவிட்டது. செத்த தேதி தெரியாமல் எந்தத் தம்பி வாரிசுச் சான்று கேட்பான்?

அண்ணாச்சிக்கு ஒரே அண்ணன். சங்கரபாண்டி. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் கட்டவில்லை, தம்பி வீட்டு மாடியில் இருக்கிறார். வலது முட்டு அவ்வளவாக மடங்காது. வருசா வருசம் பென்ஷனுக்காக அவர் பெருவிரலை மெஷினில் வைக்கச் சொல்லி, அவர் உயிரோடு இருக்கிறார் என்று பதிவு செய்து அனுப்புகிறவளே வள்ளித்தாய்தான். புளியங்குடிப் பக்கம் இரண்டு பேர் பெயரிலும் எலுமிச்சைத் தோட்டம் இருந்தது. தம்பிக்கு அதை விற்க ஆசை. அண்ணன் கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறார். அதற்கான பத்திர நகலை இரண்டு தடவை பிரிண்ட் எடுத்ததும் இவள்தான்.

சனிக்கிழமை கடை சாத்தும் நேரத்தில் அண்ணாச்சி போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, நாளைக்குக் காலைல ஐந்தருவிக்குப் போவோம். தண்ணி நல்லா விழுதாம். முட்டுல எண்ணெய் போட்டுக் குளிச்சா வலி கேக்கும். நான் பிடிச்சுக்கிடுதேன், நீங்க பயப்படாதிய.”

 வள்ளித்தாய் பூட்டை அவர் கையில் கொடுக்கும்போது அவர் விரல் படாமல் கொடுத்தாள்.

பஸ் ஸ்டாண்டில் நின்று, கூடப் படித்த ஹம்னாவுக்குப் போன் போட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஹம்னா சிரித்தாள்.

“சரி, போலீஸ்ல போயிச் சொல்லு.”

“என்னன்னு? அண்ணனும் தம்பியும் குளிக்கப் போறாவன்னா? அங்க கேஸ் எழுதுத ரைட்டரே அண்ணாச்சிக்கு மச்சினன்.”

“ஏட்டி, ரொம்பக் காமிக்ஸ் படிக்காத. படுத்துத் தூங்கு.”

பெரியவர் சங்கரபாண்டியின் நம்பர் பென்ஷன் வேலைக்காக அவள் போனில் இருந்தது. பத்து நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழுத்தினாள்.

“பெரிய அண்ணாச்சி, நான் கடைப் புள்ள வள்ளி பேசுதேன்.”

“தம்பியயா கேக்க? பக்கத்துலதான் இருக்கான். இந்தா.”

அவள் வேண்டாம் என்பதற்குள் கை மாறிவிட்டது.

“என்னட்டி?” நம்பிராஜனின் குரல், எப்போதும்போல மெதுவாக.

“அண்ணாச்சி... நாளைக்குக் கடை உண்டுமா?”

“ஞாயித்துக்கெழம என்னைக்குட்டி கடை இருந்துருக்கு?” அவர் எழுந்து தள்ளிப் போகிற சத்தம் கேட்டது. “அதுக்கு என் நம்பருக்குப் போடாம அண்ணன் நம்பருக்கு எதுக்குப் போட்ட?”

அவள் போனைக் கட் செய்தாள். செய்திருக்கக் கூடாது என்று உடனே தெரிந்தது. எந்தக் கதையிலும் அப்படிக் கட் செய்கிறவள்தான் அடுத்து சாவாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி மினிபஸ்ஸில் ஏறினாள். சாரல் ஊசிபோல் குத்தியது. ஐந்தருவியில் சிப்ஸ் கடையும் துண்டுக் கடையுமாகக் கூட்டம் நெரிந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நடுவில் இரும்புக் கம்பி. இது அவள் வரைந்த கட்டத்தில் இல்லை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள், ஒரு பெண் அந்தப் பக்கம் போக முடியாது என்பதையே யோசிக்காமல் கதை சொல்லியிருக்கிறாள்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பெரியவர் இடுப்பில் காவித் துண்டோடு படியேறிக்கொண்டிருந்தார். முதுகு முழுக்க எண்ணெய் மினுங்கியது. வலது காலை இழுத்து இழுத்து வைத்தார். அவர் கையைத் தன் இரண்டு கைகளாலும் தாங்கிப் பிடித்திருந்தார் நம்பிராஜன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா தன் மகனிடம், “பாத்தியா, கூடப் பொறந்தவன்னா அப்படி இருக்கணும்” என்றாள்.

“பெரிய அண்ணாச்சி!” என்று கத்தினாள். அருவிச் சத்தம் அதை அப்படியே விழுங்கியது.

கம்பிக்குக் கீழே குனிந்தாள்.

“ஏட்டி! அது ஆம்பளைய பக்கம்! எங்கன போற?” என்று பெண் போலீஸ் விசில் ஊதினாள்.

படத்தில் என்றால் ஒரே தாவல். இவளுக்குத் துப்பட்டா கம்பியில் மாட்டிக்கொண்டது. பிடுங்கிப் போட்டுவிட்டு நடந்தாள். சுடிதார் நனைந்து உடம்போடு ஒட்டியது. “ஏலே, இங்கன பாருலே!” என்று ஒருத்தன் கூப்பிட்டான். நாலைந்து போன்கள் உயர்ந்தன. ஒருத்தன் வேண்டுமென்றே இடித்தான். செருப்பில்லாத காலுக்கடியில் பாறை வெண்ணெய்போல் இருந்தது.  ஒவ்வொரு முகத்தையும் அறைய வேண்டும்போல் இருந்தது, ஆனால் நிற்க நேரமில்லை.

நம்பிராஜன்தான் முதலில் அவளைப் பார்த்தார். அவர் திடுக்கிடவில்லை. சிரித்தார். “வள்ளியா?” என்று வாயசைவது தெரிந்தது.

அவள் அங்கேயே நின்றுவிட்டாள். பெரியவர் தம்பிமேல் முழுப் பாரத்தையும் போட்டுச் சாய்ந்து நிற்கிறார். அவருக்குப் பின்னால் மூன்று ஆள் உயரப் பள்ளம். இப்போது கை நழுவினால்? திடீர்னு ஒரு பொம்பளப் புள்ள ஓடிவந்துச்சு, பதறி விட்டுட்டேன் என்பார். சொல்வதற்குக் காரணம்கூட அவளே கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். அத்தனை போனிலும் அது பதிவாகும்.

ஓடாமல், ஒவ்வொரு அடியாகப் போனாள். பெரியவர் காலடியில் பாறையிலேயே உட்கார்ந்து, நிமிர்ந்து பார்த்து, கையால் பாறையைத் தட்டினாள்.

“உக்காருங்க! பெரிய அண்ணாச்சி, உக்காருங்க!”

“என்னட்டி? என்ன?”

“உக்காருங்க!”

பட்டாளத்தில் இருபது வருசம் இருந்தவர். ஒருத்தி இப்படிக் கத்தினால் காரணத்தை அப்புறம் கேட்க வேண்டும் என்பது உடம்புக்குத் தெரிந்திருந்தது. முட்டு வலிக்க வலிக்கச் சரிந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவரை விட்டாலும் விழமாட்டார். அவள் அவர் காதில் வாய் வைத்து, திங்கட்கிழமை தம்பி கேட்டதைச் சொன்னாள். தான் சொன்ன பதிலையும் சொன்னாள். தலைக்கு மேலே நம்பிராஜன் ஒன்றும் கேட்காமல், இன்னும் சிரித்துக்கொண்டு, அண்ணன் கையைப் பிடித்தபடியே நின்றார்.

பெரியவர் மேலே தம்பியைப் பார்த்தார்.  பிறகு கையை உருவிக்கொண்டு, இடுப்பாலேயே படிப்படியாக உரசி உரசிக் கீழே இறங்கினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

ஓடிவந்த பெண் போலீஸிடம் நம்பிராஜன் சொன்னது வள்ளித்தாயின் காதில் விழுந்தது. “விடுங்க மேடம், நம்ம கடைப் புள்ளதான். கொஞ்சம் மூளைக்குச் சரியில்ல.”

பெரியவரின் சட்டை, போன், செருப்பு எல்லாம் தம்பி பையில் இருந்தன. ஈரத்துண்டோடு ஆட்டோவில் ஏறினார். அவளையும் ஏறச் சொன்னார். ஆட்டோ பழைய குற்றாலம் ரோடு பிரிகிற இடம் தாண்டியதும் கேட்டார்.

“இன்னும் என்னட்டி கேட்டான்?”

வாரிசுச் சான்று என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். “வெள்ளிக்கெழம ராத்திரி என் ஆதாரு வாங்கிட்டுப் போனான். எதுக்குலேன்னு நான் கேக்கல. தம்பில்லா.” முகத்தில் வழிந்த எண்ணெயைப் புறங்கையால் துடைத்தார். 

“எங்க போவணும் அண்ணாச்சி?” என்றார் டிரைவர்.  பெரியவருக்கு இருந்த வீடு தம்பியின் அந்த மாடி ஒன்றுதான்.

வள்ளித்தாயின் போன் அடித்தது. ‘கடை அண்ணாச்சி’ என்று காட்டியது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அடித்து அடித்து நின்றது. ஐந்து நிமிஷம் கழித்து மறுபடியும் அடித்தது. இந்தத் தடவை அம்மா.

“ஏட்டி, ஒங்க அண்ணாச்சி இப்பத்தான் போன் பண்ணாவ. கார்ல வந்துக்கிட்டு இருக்காவளாம். ஒன்கிட்ட என்னமோ பேசணுமாம். நீ எங்கன இருக்க? டீக்குப் பால் வாங்கி வைக்கட்டுமா?”

“கதவச் சாத்தும்மா.”

“என்னட்டி?”

“அப்பாவ எழுப்பு. கதவச் சாத்தித் தாழ்ப்பாள் போடு. நான் வந்து கூப்பிடுத வரைக்கும் யாரு தட்டினாலும் தொறக்காத.”

பெரியவர் டிரைவரின் தோளைத் தொட்டார். “இந்தப் புள்ள வீட்டுக்கு விடு. பின்னால என் தம்பி கறுப்புக் காரு வருதான்னு கண்ணாடியில பாத்துக்கிட்டே ஓட்டு.”

டிரைவர் கண்ணாடியைத் திருப்பினார். வேகத்தைக் கூட்டினார்.