பெடலில் வைத்த கால்

கொட்டகையிலிருந்து காரை எடுத்து வாசலுக்குத் திருப்பியபோது தாட்சாயணியின் கால் பிரேக்கில் எந்தத் தடையும் இல்லாமல் அடிவரை இறங்கியது. வண்டி நிற்கவில்லை. கைப்பிரேக்கை இழுத்தும், முன்பக்கம் கரும்புச் சோகைப் போரில் முட்டித்தான் நின்றது. மறுபடி மிதித்துப் பார்த்தாள். சேற்றில் கால் வைப்பதுபோல் பெடல் மெத்தென்று உள்ளே போனது.

வீட்டுக்குள்ளே கட்டிலில் வேதாச்சலம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். படுத்தால் மூச்சு முட்டியது. சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, வாரம் இரண்டு முறை திருப்பதிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவதுதான் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் வாழ்க்கை. அவனால் வண்டி ஓட்ட முடியாமல் போனதும் அவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். போன வெள்ளிக்கிழமை ஆறு தரைப்பாலத்தின்மேல் ஏறி ஓடியதால் போக முடியவில்லை. இப்போது முகம் வீங்கி, மூச்சில் தண்ணீர் கொதிப்பது போன்ற சத்தம். இன்றும் தவறினால் தாங்காது என்று ஆஸ்பத்திரி நர்ஸ் போனில் சொல்லியிருந்தாள்.

ஆம்புலன்ஸ்கள் எல்லாம் வெள்ளத்தில் சிக்கியவர்களுக்காகப் போயிருந்தன. ஊரில் வேறு கார் இல்லை. ஆண் பெண் அத்தனை பேரும் ஏரிக்கரை உடையாமல் மண் மூட்டை அடுக்கப் போய்விட்டார்கள். புத்தூர் மெக்கானிக் சுதீருக்குப் போன் போட்டாள்.

"கடைக்குள்ள இடுப்பளவு தண்ணிக்கா, எப்டி வர்றது? பிரேக் ஆயில் டப்பாவப் பாருங்க. கொறஞ்சிருந்தா எங்கியோ லீக். நாலு டயருக்கும் உள்பக்கம் கை வெச்சுப் பாருங்க."

டப்பா காலி. பின்னால் இடது டயரின் உட்புறம் தடவியபோது விரல்கள் ஆயிலில் வழுக்கின. அதைப் போனில் சொன்னாள்.

"வீல் சிலிண்டர் ரப்பர்தான். போன தபா ரைட்டுல மாத்துனப்ப மிச்ச ரப்பர டிக்கில போட்டேன். அர பாட்டில் ஆயிலும் கீது. டிரம்மக் கயட்டுங்க, சொல்றேன்."

மற்றச் சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்து, ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றினாள். கைப்பிரேக்கை இறக்கிவிட்டு, பிரேக்கை மூடியிருந்த இரும்பு டிரம்மைச் சுற்றிச் சுற்றிச் சுத்தியால் தட்டியபோது துரு உதிர்ந்து அது கழன்று வந்தது. உள்ளே எல்லாம் கசிந்த ஆயிலில் ஊறிக் கிடந்தது. ஸ்பிரிங் ஒன்று தெறித்து அவள் கன்னத்தைக் கீறியது. கிழிந்த ரப்பரை எடுத்துப் புதியதில் ஆயில் தடவிப் பொருத்தினாள். சோப்புத் தண்ணீரில் தேய்த்த பிரேக் ஷூவை உப்புத்தாளால் உரசி உலர்த்தி மாட்டி, டிரம்மை மூடினாள். இத்தனைக்கும் நடுவே உள்ளிருந்து ஒரே ஒரு முறைதான் அவன் குரல் வந்தது.

"வுட்டுடு தாட்சாயணி. வண்டியே வாணான்னு சொல்லுது."

பாலம் மூடியதிலிருந்தே அவன் ஆஸ்பத்திரிப் பேச்சை எடுக்கவில்லை. வெள்ளம் வந்ததில் அவனுக்கு ஒரு நிம்மதி இருந்ததோ என்று நினைத்தபோது, பிரேக் இல்லாத வண்டியில் உட்கார்ந்திருந்ததைவிட அவளுக்குப் பயமாக இருந்தது.

கடைசி வேலை ஒருத்தியால் ஆகாது. குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற ஒருவர் பெடலை அமுக்கிப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் டிரம்முக்குப் பின்னால் இருக்கும் நட்டைத் திறந்து மூட வேண்டும். அவனைத் தாங்கிக் கொண்டுவந்து டிரைவர் சீட்டில் உட்கார வைத்தாள். வீங்கிய வலது காலை அவளே தூக்கிப் பெடலில் வைத்தாள். டப்பாவில் ஆயில் ஊற்றிவிட்டு, வீட்டில் கிடந்த குளுக்கோஸ் குழாயை வெட்டி நட்டில் சொருகி, மறுமுனையைக் கிண்ணத்து ஆயிலில் அமிழ்த்தினாள்.

"மூணு தபா அமுக்கிப் புடிச்சிக்கங்க. நான் சொல்ற வரைக்கும் வுடாதீங்க."

திறந்ததும் குழாயில் குமிழ்கள் பொங்கின. மூடுவதற்குள் ஆயில் பின்னோக்கி இழுத்துக்கொண்டது.

"வுட்டுட்டீங்களா?"

"கால்ல பெலம் இல்ல."

இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறையும் ஆயில் பின்வாங்கியதும் அவள் எழுந்து கதவருகே வந்தாள். பாட்டிலில் இன்னும் கொஞ்சம்தான் மிச்சம்.

"பெலம் இல்லியா, மனசு இல்லியா?"

அவன் முன்கண்ணாடியையே பார்த்தான். "எத்தினி நாளுக்கு நீ என்ன இப்டி இஸ்துக்கினு அலைவ?"

"அலையறேன்னு நான் சொன்னனா? வாணான்னா என் மூஞ்சப் பாத்துச் சொல்லு. கள்ளத்தனமா கால எடுக்காத."

கல்யாணமான நாளிலிருந்து அவனிடம் மரியாதை தவறி ஒரு சொல் பேசியதில்லை. கேட்ட அவனுக்கும் அது புரிந்திருக்கும். அவள் திரும்பிப் போய் டிரம்மருகே ஸ்பேனரோடு உட்கார்ந்தாள். தூறல் கழுத்தில் இறங்கியது. ஏரிக்கரைப் பக்கமிருந்து ஆட்களின் கூச்சல் கேட்டது. அவன் இழுக்கும் மூச்சும் கேட்டது.

பெடல் கிரீச்சிட்டது. ஒன்று. கொஞ்ச நேரம் கழித்து இரண்டு. மூன்று.

"புடிச்சிக்கினு கீறேன்," என்றான். "தெற."

குமிழ்கள் வந்தன, மூடினாள். மறுபடி அமுக்கினான். ஒவ்வொரு தடவையும் முக்கி முனகினானே தவிர, அவள் சொல்லும்வரை காலை எடுக்கவில்லை. குமிழ்கள் குறைந்து, கடைசியில் குழாயில் ஆயில் மட்டும் வந்தது. டப்பாவை மிச்ச ஆயிலால் நிரப்பிவிட்டு அவள் மிதித்தபோது பெடல் பாதியில் கெட்டியாக நின்றது. சக்கரத்தை மாட்டி, தெருவில் நாலு தடவை ஓட்டி நிறுத்திப் பார்த்தாள். அப்படியும் நம்பிக்கை வரவில்லை. ஆனால் நேரமும் இல்லை.

பாலத்து முனையில் போலீஸ்காரர் குறுக்கே கயிறு கட்டி நின்றார். தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தாலும் பாலத்தின்மேல் கணுக்காலளவு ஓடியது. தெலுங்கில் திரும்பிப் போகச் சொல்லிக் கையை ஆட்டினார். தாட்சாயணி வாய் திறப்பதற்குள் பக்கத்துக் கண்ணாடி இறங்கியது. வேதாச்சலம் தலையை வெளியே நீட்டினான்.

"டயாலிசிஸ் சார். ஒகசாரி மிஸ் அயிந்தி. வதலண்டி." ஒரு முறை தவறிவிட்டது, விடுங்கள் என்று தெலுங்கில் கேட்டான்; மூச்சு விட்டு விட்டு வந்தது. பிறகு தமிழிலேயே, "நான் போவணும் சார்."

அவர் அவன் முகத்தைப் பார்த்தார். கயிற்றைத் தரையில் போட்டார்.

முதல் கியரில் வண்டி தண்ணீருக்குள் இறங்கியது. பிரேக் நனைந்தால் பிடிக்காது, லேசாக மிதித்துக்கொண்டே போங்கள் என்று சுதீர் சொல்லியிருந்தான். மிதித்தாள். பிடிக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. சேற்றுத் தண்ணீருக்கு அடியில் பாலத்தின் ஓரம் எங்கே முடிகிறது என்பதும் தெரியவில்லை. அவன் ஜன்னலுக்கு வெளியே சாய்ந்து, இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தான்.

"ரவ ரைட்டுல வா... இன்னும் ரவ... அப்டியே வா."

வேரோடு அடித்து வந்த கரும்புத் தூர் ஒன்று கதவில் மோதி, சுழன்று, பின்னால் போனது. முன்னால், பாலம் முடியும் அக்கரையில், ஓரக்கற்களின் வெள்ளைத் தலைகள் தண்ணீருக்கு மேல் தெரியத் தொடங்கின.