சனிக்கிழமைச் சிலிக்கோன்

கோபாலசிங்கம் வைத்த சிலிக்கோன் கழலாது என்பது வியா மக்வேதாத் தெருவில் மூன்று வீட்டுக்கார அம்மாமாருக்கு, அதுதான் சின்யோராமாருக்கு, தெரியும். அவர்களுடைய தங்கச்சிமார், மச்சாள்மார், சீட்டு விளையாட வருகிற சிநேகிதிகள் எல்லாருக்கும் தெரியும். எல்லாரையும் விட நன்றாகத் தெரிந்தது கோபாலசிங்கத்துக்குத்தான், அதை நாலு பேரிடம் சொல்லாமல் அவருக்கு ஒரு கிழமை போகாது.

மனுசன் புளுகுகிறார் என்றும் சொல்ல ஏலாது. இத்தாலியின் இந்தப் பலேர்மோவில் வருசத்துக்கு நாலைந்து தரம் ஆபிரிக்காப் பாலைவனத்தில் இருந்து ஷிரோக்கோ என்றொரு காற்று வரும். வந்தால் ஊரே வறுசட்டிதான். சிவத்த மண்ணை அள்ளிக்கொண்டு வந்து கட்டில் விரிப்பு வரைக்கும் கொட்டிவிட்டுப் போகும். அந்த வெக்கையில் யன்னல் சட்டத்தைச் சுற்றி அடைத்த சிலிக்கோன் காய்ந்து, வெடித்து, பிய்ந்துவிடும். கோபாலசிங்கம் பழசைக் கத்தியால் சுரண்டி எடுத்து, தூசி தட்டி, புதுசை ஒரே இழுவையில் இழுத்து, ஈரவிரலால் ஒரு தடவு தடவினால் அடுத்த ஷிரோக்கோ வெளியே நின்று கத்திவிட்டுப் போகவேண்டியதுதான். வீடு துப்புரவாக்கப் போன ஆள், இப்போது அரைவாசி நாள் சிலிக்கோன் வைக்கிற ஆளாகிவிட்டார். குழாயைப் போட்டு அமத்துகிற அந்தச் சாமானை அவர் துவக்கு என்றுதான் சொல்வார். ஊரில் ஆமியின் துவக்கைக் கண்டு ஓடிவந்த மனுசன் இஞ்சை துவக்கோடை ஊர்வலம் போகுது என்று அவருடைய சிநேகிதன் பிரசாந் பகிடி பண்ணுவான்.

அப்பேர்ப்பட்டவருடைய சொந்தக் குளியலறையில், தொட்டி விளிம்பும் சுவரும் பொருந்துகிற இடத்தில், அவர் வைத்த சிலிக்கோன் மூன்றாம் தரமும் கழன்று கிடந்தது.

திங்கட்கிழமை விடியத் துணி தோய்க்கப் போன அவருடைய மனுசி அம்பிகைதான் கண்டாள். நுனியில் பிடித்து இழுத்தாள். ஒரு சிணுக்கம் இல்லாமல் சுவரின் இந்தத் தொங்கலில் இருந்து அந்தத் தொங்கல் வரை முழுசாகக் கையோடு வந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு தொட்டி விளிம்பில் குந்திவிட்டாள். கழன்றது வெறும் சிலிக்கோன் என்றால் பரவாயில்லை, அதோடு வீடும் அல்லவோ கழலப் போகிறது.

கீழ்வீட்டில் இருப்பது சின்யோரா எமிலியானா. இரண்டு மாடியும் அவளுக்குச் சொந்தம். வயது அறுபத்தெட்டு, கணவன் செத்த நாளில் இருந்து கறுப்புச் சட்டை, முழங்காலில் வாதம், வாயில் மட்டும் ஒரு வாதமும் இல்லை. அவளுக்கும் அடியில் ஒரு துணிக்கடைக்காரர் இருக்கிறார். படிக்கட்டில் வெற்றுப்பெட்டி அடுக்கினார் என்ற கோபத்தில் அவரோடு பத்து வருசமாக முகம் பார்ப்பதில்லை. இந்த அம்பிகை வீட்டுத் தொட்டித் தண்ணீர் சிலிக்கோன் கழன்ற வழியால் இறங்கி, நேரே எமிலியானாவின் சாப்பாட்டு மேசைக்கு மேலே கறை பிடித்துச் சொட்டியது. முதல் தரம் வந்து கத்தினாள். இரண்டாம் தரம் கத்தவில்லை, அதுதான் பயம். யூலை பதினைந்து ஊரைக் காக்கிற புனிதை சாந்தா றொசாலியாவின் பெருநாள் என்றும், தங்கச்சி குடும்பம் முழுக்க அன்றைக்கு அந்த மேசையில்தான் சாப்பிடப் போகுது என்றும், அன்றைக்கு ஒரு சொட்டு விழுந்தால் மாதக் கடைசியில் முடிகிற ஒப்பந்தத்தை இனிப் புதுப்பிக்கமாட்டாள், வீடு தங்கச்சி பெற்ற பெறாமகனுக்கு என்றும் ஆறுதலாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

பெருநாளுக்கு இன்னும் ஏழு நாள்.

இந்த வீடு கிடைக்க முதல் பல்லரோச் சந்தைக்குப் பின்னால் ஒற்றை அறையில், இன்னொரு குடும்பத்தோடு, நடுவில் சீலை கட்டி எட்டு மாதம் கிடந்தவர்கள் அவர்கள். மகள் அபிதா மீன்பெட்டி மணத்துக்குள் இருந்துதான் வாய்ப்பாடு பாடமாக்கினாள். வெளிநாட்டுக்காரர் என்றதும் கதவு சாத்தின வீடுகளை எண்ணினால் விரல் காணாது. இங்கேதான் பிள்ளைக்கென்று ஒரு மூலை கிடைத்தது. மூன்று பேருடைய பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதிக் கடதாசியிலும் இந்த விலாசம்தான் இருக்கிறது. பல்கனியில் கறிமிளகாய் காய்க்கத் தொடங்கிவிட்டது. அம்பிகைக்கு இந்த வீட்டில் அவ்வளவு ஆசை.

முதல் தரம் கழன்றபோது கோபாலசிங்கம், கடைக்காரன் பழைய குழாயைத் தந்து ஏமாற்றிப்போட்டான் என்றார். இரண்டாம் தரம், நாங்கள் இருக்கிற இந்தக் கபோப் பகுதிச் சுவரெல்லாம் பேரன் பூட்டன் காலத்துச் சுவர், அதுதான் பிடிக்குதில்லை என்றார். மூன்றாம் தரம் ஒன்றும் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்தபடி கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் ஓயாத மனுசன் வாய் மூடினால் வீடு வீடாகவா இருக்கும்?

"என்ரை கை பிழைச்சுப் போச்சு அம்பிகை," என்றார் கடைசியில்.

"உங்கடை கைக்கு ஒண்டும் இல்லை. சனிக்கிழமை திரும்ப வையுங்கோ," என்றாள் அவள். சொன்னாளே தவிர, அவளுக்கும் நம்பிக்கை இல்லை.

ஏன் சனிக்கிழமை என்றால், மற்ற நாளெல்லாம் வேலை. ஞாயிறு காலையில் கூட ஒரு கிழவரைத் தள்ளுவண்டியில் கொண்டு திரிகிற வேலை. சனி ஒருநாள்தான் வீட்டில் நிற்பார். ஆகவே மூன்று தரமும் சனிக்கிழமைதான் வைத்தார், நாலாவதும் அன்றைக்குத்தான்.

சனிக்கிழமை வந்தது, கூடவே ஷிரோக்கோவும் வந்தது. விடிய எட்டு மணிக்கே யன்னல் கம்பி சுட்டது. அம்பிகை ஒரு யோசனையோடு அடுப்படியில் நின்றாள். சிலிக்கோன் ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும் பெருநாளுக்குக் கொஞ்சம் பால்ரொபி செய்து கீழே கொடுத்தால் எமிலியானாவின் மனம் கொஞ்சம் இளகாதா என்று ஒரு நப்பாசை. பாலும் சீனியும் தாச்சியில் இறுகி வர, தட்டுக்கு எண்ணெய் பூசச் சொல்லி அபிதாவிடம் கொடுத்தாள். பத்து வயசுப் பிள்ளைக்கு எதற்கும் காரணம் வேணும். தமிழ் பாதி, சிசிலிக்காரரின் இழுவையோடு இத்தாலியன் பாதியாக, ஏன் பூசவேணும் என்று கேட்டாள்.

"பூசாட்டி ஒட்டிப் பிடிச்சிடும் பிள்ளை. எண்ணெய் இருந்தால்தான் ஒட்டாமல், அப்படியே முழுசாக் கழண்டு..."

அம்பிகைக்கு வாய் அப்படியே நின்றுவிட்டது. அகப்பையைத் தாச்சிக்குள் விட்டுவிட்டுக் குளியலறைக்கு ஓடினாள்.

அங்கே கோபாலசிங்கம் சாரத்தை மடித்துக் கட்டி, உச்சியில் இருந்து உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் வழிய வழிய, தொட்டி விளிம்பில் குந்தியிருந்தார். சனிக்கிழமை அல்லவா, எண்ணெய் முழுக்கு. பலேர்மோ என்ன, வடதுருவத்துக்குப் போனாலும் சனி முழுக்கை விடுகிற ஆள் இல்லை அவர். எண்ணெய் ஊறுகிற நேரத்தை வீணாக்கக்கூடாது என்று சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். துவக்கு பக்கத்தில் கிடந்தது, அதிலும் எண்ணெய்க் கைரேகை.

அம்பிகை விளிம்பில் விரலால் ஒரு கோடு இழுத்தாள். விரல் மினுங்கியது. மணந்து பார்த்தாள், அவருடைய மூக்குக்கும் நீட்டினாள். ஒவ்வொரு சனியும் மூன்று பேர் இந்தத் தொட்டிக்குள் எண்ணெய் முழுகுகிறார்கள். முழுகி முடித்த அதே இடத்தில், அதே மத்தியானம், அதே விரலால் இவர் சிலிக்கோன் வைக்கிறார். வியா மக்வேதாச் சின்யோராமார் வீட்டில் எவராவது நல்லெண்ணெய் முழுகுகிறார்களா? பிறகு அங்கே ஒட்டாமல் என்ன செய்யும்?

கோபாலசிங்கம் விரலைப் பார்த்தார், விளிம்பைப் பார்த்தார், தன்னுடைய வயிற்றையும் குனிந்து பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார். ஒரு கிழமையாக உள்ளே அடைத்து வைத்திருந்தது முழுக்க அந்தச் சிரிப்போடு வெளியே வந்தது. அம்பிகையும் அவரோடு சேர்ந்து சிரித்தாள். அடுப்படியில் பால்ரொபி அடிப்பிடித்ததை அபிதா வந்து சொல்லும்வரை இரண்டு பேருக்கும் தெரியாது.

சிரிப்பு அடங்கின பிறகுதான் சிக்கல் விளங்கியது. தொட்டியை எண்ணெய் போகக் கழுவிக் காயவிட்டுச் சிலிக்கோன் வைக்கவேணும். வைத்தால் ஒருநாள் முழுக்கத் தண்ணீர் படக்கூடாது. திங்கள் பெருநாள், ஆகவே இன்றைக்கே வைக்கவேணும். ஆனால் துவக்குப் பிடிக்கிற மனுசன் அப்பளம் பொரிக்கிற எண்ணெயில் தோய்ந்தது போல நிற்கிறார். அவர் முழுகினால் தொட்டி எண்ணெயாகும், முழுகாமல் தொட்டால் சிலிக்கோன் எண்ணெயாகும்.

"நீங்கள் இந்த வாசல்படியைத் தாண்டக்கூடாது. துவக்கை நான் பிடிக்கிறன்," என்றாள் அம்பிகை.

அவள் தலையில் இன்னும் எண்ணெய் வைக்கவில்லை. கோப்பை கழுவுகிற சவர்க்காரம், வினாகிரி, சுடுதண்ணீர் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுத் தேய்த்தாள். கடைசியில் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தாள். ஷிரோக்கோவுக்கு அன்றைக்குத்தான் ஒரு பயன் கிடைத்தது, யன்னலைத் திறந்துவிட்டதும் அரை மணித்தியாலத்தில் எலும்பு போலக் காய்ந்துவிட்டது. புதுக் குழாயைப் பூட்டித் துவக்கைத் துடைத்துக் கையில் எடுத்து, சுவரின் ஒரு தொங்கலில் இருந்து இழுக்கத் தொடங்கினாள். வாசலில் நின்றபடி கோபாலசிங்கம் மெதுவாய் என்றார், சரித்துப் பிடியும் என்றார், மூச்சை விடாதேயும் என்றார். பிள்ளைப்பேறு பார்க்கிற மருத்துவிச்சி மாதிரிக் கத்தாதேங்கோ என்றாள் அவள். மூலைக்கு வந்தபோது கோடு கொஞ்சம் கோணியது. மற்றபடி முதல் கைக்கு அது நல்ல வேலைதான், அதை அவரே ஒப்புக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டுப்பட்டது. பெருநாளுக்கு முதல் ஒருதரம் பார்த்துவிட வந்த எமிலியானா, கதவைத் திறந்தவரைக் கண்டதும் ஓரடி பின்னுக்கு வைத்தாள். நாற்பது பாகை வெயிலில், அரைச் சாரத்தோடு, தலை முதல் கால் வரை பளபளவென்று சொட்டிக்கொண்டு ஒரு ஆம்பிளை நின்றால் எந்தச் சின்யோராதான் பயப்படமாட்டாள்?

கோபாலசிங்கத்துக்கு வெட்கத்தில் இத்தாலியன் மறந்துபோனது. அபிதாதான் முன்னுக்கு வந்து, கையை ஆட்டி ஆட்டி, எண்ணெய், முழுக்கு, தட்டு, பால்ரொபி, அப்பா என்று ஒன்றும் விடாமல் சொன்னாள். எமிலியானா முகத்தில் ஒரு சுருக்கமும் அசையவில்லை. உள்ளே போய்க் கோட்டைக் குனிந்து பார்த்தாள். அது எப்போது காயும் என்று கேட்டாள். நாளைக்கு இந்நேரம் என்றாள் அம்பிகை. அதுவரைக்கும் இந்த மனிதன் இப்படியேவா நிற்கப் போகிறான் என்று கேட்டாள். கோபாலசிங்கம் சாரத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டினார்.

"கீழே வா. என்னுடைய தொட்டியில் குளி," என்றாள் எமிலியானா. சொல்லிவிட்டுப் படியிறங்கினவள் பாதிப் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கியது. அந்த மனுசி சிரித்து அம்பிகை கண்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

கோபாலசிங்கம் தோளில் துவாயும் கையில் அரப்பும் கொண்டு, கலியாண மாப்பிள்ளை மாதிரி நிலம் பார்த்தபடி கீழே போனார். அவர் முழுகி முடித்ததும் அம்பிகை போய் அந்தத் தொட்டியைச் சவர்க்காரம் போட்டு ஒன்றுக்கு இரண்டு தரம் தேய்த்துக் கழுவிக் கொடுத்தாள். எமிலியானா கதிரையில் இருந்து முழங்காலைத் தடவியபடி, அந்த எண்ணெய் எலும்புக்கும் நல்லதோ என்று கேட்டாள். நல்லதுதான் என்று சொல்லி, சின்யோரா, ஒரு போத்தல் கொண்டு வாறன் என்றாள் அம்பிகை.

திங்கட்கிழமை மத்தியானம் கீழே முள்ளுக்கரண்டிச் சத்தமும் பிள்ளைகளின் சத்தமுமாகக் கிடந்தது. மேலே அம்பிகை தொட்டி நிறையத் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். வேணுமென்றேதான் திறந்தாள். பிடித்தால் இன்றைக்கே பிடிக்கட்டும், இல்லையென்றால் இன்றைக்கே தெரியட்டும். வீட்டைப் பிள்ளையாரிடம் பாதியும் றொசாலியா அம்மாவிடம் பாதியுமாகப் பாரம் கொடுத்தாள். தண்ணீர் கோட்டுக்கு மேலே நின்றது. கோணின மூலையிலும் ஒரு சொட்டு இறங்கவில்லை. மூன்று மணிக்கு எமிலியானா மேலே வந்து, ஒப்பந்தக் கடதாசியை மேசையில் வைத்தாள். நாலு வருசம் என்று எழுதியிருந்தது. அம்பிகைக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. எமிலியானா அடிப்பிடித்த பால்ரொபியில் ஒரு துண்டு எடுத்துக் கடித்துவிட்டு, இது நன்றாக இல்லை என்று சொல்லி, இன்னும் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டு போனாள்.

இவ்வளவோடு கதை முடிந்தது என்றுதான் கோபாலசிங்கம் நினைத்திருந்தார். வியா மக்வேதாவில் எண்ணெய் இல்லாத சுவரின் பெருமையைப் புதிதாகக் கண்டுபிடித்தவர் மாதிரிச் சொல்லிக்கொண்டும் திரிந்தார்.

செப்டெம்பரில் ஒரு மாலை கதவு மெல்லத் தட்டுப்பட்டது. எமிலியானா நின்றாள். தலைமுடி ஒட்டி வாரி, நெற்றி பளபளவென்று இருந்தது, வாசல் வரைக்கும் நல்லெண்ணெய் மணந்தது. முழங்காலைப் பிடிக்காமல் படியேறி வந்திருந்தாள். வந்தவள் படிக்கட்டை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். துணிக்கடைக்காரர் பத்து வருசத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் தன் கதவைத் தட்டினாராம், அவருடைய கடைக் கூரையில் இருந்து புதுத் துணிக்கட்டின் மேலே தண்ணீர் சொட்டுகிறதாம்.

"என்னுடைய தொட்டிக்குத் துவக்கைக் கொண்டு வா, சிங்கம். இந்தச் சனிக்கிழமையே வா. அந்த மனிதனுக்கு மட்டும் காரணத்தைச் சொல்லிவிடாதே."

கோபாலசிங்கம் அம்பிகையைப் பார்த்தார். அம்பிகை சுவரைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

"சனிக்கிழமை வேண்டாம் சின்யோரா," என்றார் அவர். "செவ்வாய்க்கிழமை வேலை முடிய வாறன்."