பிரியாத மடிப்பு

விசாரணை அதிகாரி சாம்பல்நிறப் போர்வையை மேசையில் வைத்தபோதே அது என் மடிப்பு இல்லை என்று தெரிந்தது. யாரோ நாலாக மடித்திருந்தார்கள். நான் மூன்றாக மடித்து நுனியை உள்ளே செருகிவிடுவேன். நாடுகடத்த வேண்டியவர்களை அடைத்து வைக்கும் நிலையத்தின் சலவை அறையில் பதினொரு வருடமாக எனக்கு இதுதான் வேலை. தபாலில் அனுப்பப் போகிறாயா என்று கூட வேலை செய்பவர்கள் கேலி செய்வார்கள்.

எதிரே ஹான் என்ற வியட்நாமியப் பெண் இருமிக்கொண்டிருந்தாள். தை மாதக் குளிரில் ஐந்து நாள் போர்வையில்லாமல் தன்னைத் தனியறையில் பூட்டினார்கள் என்பது அவளுடைய முறைப்பாடு. போர்வை கொடுத்ததாகக் காவலர்கள் சொன்னார்கள். அதற்கு ஆதாரம் என் கையெழுத்து: 'தனியறைப் போர்வை. பாவித்தது. துவைத்தாயிற்று.' முறைப்பாடு பொய்யென்று முடிந்தால் வெள்ளிக்கிழமை அவளை விமானத்தில் ஏற்றிவிடுவார்கள்.

தை மாதத்தில் அந்தத் தனியறைப் போர்வை என்னிடம் திரும்பி வந்தபோது நான் செருகிய நுனி செருகியபடியே இருந்தது. ஒருவரும் அதை விரிக்கவில்லை. ஒரு சலவை மிச்சம் என்று சந்தோஷப்பட்டு, அப்படியே அலுமாரித் தட்டில் அடுக்கிவிட்டுக் கையெழுத்தும் போட்டேன். இப்போது நினைக்க என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

இந்த வேலையை எடுத்துத் தந்த விமலநாதன் அண்ணையிடம் காலையிலேயே தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தங்கச்சி, கையெழுத்து உங்கடையோ எண்டு கேப்பினம். ஓம் எண்டுபோட்டு வாங்கோ. துவைக்காமல் எழுதினது தெரிஞ்சால் அண்டைக்கே வேலையாலை நிப்பாட்டிப்போடுவாங்கள்."

"அந்தப் பிள்ளை குளிரிலை கிடந்திருக்கு அண்ணை."

"உங்கடை பிள்ளையளையும் யோசியுங்கோ."

அதிகாரி கையெழுத்தைக் காட்டினார். ஓம் என்றேன். துவைத்தீர்களா என்று கேட்டார். போர்வையை உதறி, மூன்றாக மடித்து, நுனியைச் செருகி மேசையில் வைத்தேன்.

"இப்பிடித்தான் குடுத்தனான். இப்பிடியே திரும்பி வந்தது. நான் துவைக்கேல்லை."

அதிகாரி என் கையெழுத்தைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டார். ஹானின் பக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளர் நான் சொன்னதைத் தாழ்ந்த குரலில் அவளுக்குச் சொன்னார். அவள் என்னைப் பார்க்கவில்லை. கையை நீட்டி, செருகிய நுனியை இழுத்து, போர்வையை விரித்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே சித்திரை வெயில் அடித்துக்கொண்டிருந்தது.